ஒன்றரை லாரித் தண்ணீர்

2024 மார்ச்சில் குன்னூர் மலைச்சரிவு நாள்கணக்கில் எரிந்துகொண்டிருந்தபோது, கோவையில் இருக்கும் என் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர் புகைக்குள் நுழைகிறது. அதன் வயிற்றுக்குக் கீழே கயிற்றில் ஆரஞ்சு நிற வாளி தொங்குகிறது. வாளியின் அடி திறக்க, வெள்ளை வேட்டியை உதறியது போல் தண்ணீர் விழுகிறது. யாரோ விசிலடிக்கிறார்கள். பின்னணிக்கு ஒரு சினிமா இசையும் சேர்த்திருந்தார்கள். கீழே மாமா எழுதியிருந்தார்: "பாத்தியா மாப்ள? இதய மொத நாளே செஞ்சிருந்தா இத்தன காடு போயிருக்குமா?"

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்தில் தினமும் இரண்டு பத்திரிகை படிக்கிற ஒரே ஆள் அவர்தான். அவர் எழுதியதைத்தான் தொலைக்காட்சி விவாதங்களிலும் கோட்டு போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியபோதும் ஊர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: ஹெலிகாப்டர் எங்கே? காடு எரிந்தால் ஹெலிகாப்டர் வரவில்லை என்பது குற்றச்சாட்டு. காடு தப்பினால் ஹெலிகாப்டர் வந்தது என்பது நன்றியறிவிப்பு. தீ கீழே இருக்கிறது, தண்ணீரை மேலே கொண்டுபோய் ஊற்றினால் அணையும், ஊற்றாதது அரசாங்கத்தின் மெத்தனம் என்ற இந்த நம்பிக்கை கட்சி பேதமில்லாமல் எல்லோருக்கும் பொதுவானது. இதை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை. அதுவும் ஹெலிகாப்டரில் பறக்கிறவர்களின் பக்கம் நின்றுகொண்டு மறுக்கிறேன். இந்த நம்பிக்கைக்கு முதல் பலி அவர்கள்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குன்னூரில் அந்த எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் பலமுறை போய்வந்து கொட்டிய மொத்தத் தண்ணீர் 16,000 லிட்டருக்குச் சற்று மேல் என்று விமானப்படையே அறிவித்தது. சென்னையில் கோடையில் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் வாங்கும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். ஆக, மலையில் விழுந்தது ஒன்றரை லாரிக்கும் குறைவு. தாராளமாக ஒன்றரை என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரை ஒரே ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், சீராகத் தெளித்தால் 1.6 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அதை நீலகிரிக்காரர் மழை என்று சொல்ல மாட்டார். குடையைக்கூட விரிக்க மாட்டார்.

"ஹெலிகாப்டர் காட்டையே நனைக்க வேண்டியதில்லை, தீயின் மேல் ஊற்றினால் போதும்" என்று உடனே பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் தீயின் மேல் என்றால் எதன் மேல்? காட்டுத்தீ அடுப்புத்தீ மாதிரி ஓரிடத்தில் குந்தி எரிவதில்லை. அது ஒரு கோடு. பின்னால் கருகிய தரை, முன்னால் எரியாத சருகு, நடுவில் நகர்ந்துகொண்டே போகும் சில அடி அகல விளிம்பு. விமானி குறிவைப்பது அந்த விளிம்பை. நன்றாக விழுந்தால் சில பத்து மீட்டர் நீளத்துக்குத் தழல் அடங்கும். அடங்கும் என்றுதான் சொன்னேன், அணையும் என்று சொல்லவில்லை. மேலே சாம்பல் ஈரமாக இருக்கும்போதே சருகுக்கு அடியிலும் பட்ட மரத்தின் வேருக்குள்ளும் கங்கு உயிரோடு இருக்கும். ஹெலிகாப்டர் நீர்நிலைக்குப் போய் மொண்டு திரும்புவதற்குள் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், விளிம்பு மறுபடி நடக்கத் தொடங்கும். அடங்கியிருக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் கீழே ஒருவன் மண்வெட்டியோடு வந்து நின்று, சருகைக் கூட்டி, மண்ணைப் பிளந்து, ஒரு கோடு வெட்டினால் ஊற்றிய தண்ணீருக்குப் பலன் உண்டு. ஆள் வராவிட்டால் அது ஆவியோடு சரி.

வானிலிருந்து விழுவது தண்ணீர் மாதிரி தெரியும். உண்மையில் அது கீழே நிற்பவனுக்குக் கொடுக்கும் அவகாசம். கீழே யாருமே இல்லாத சரிவில் அவகாசத்தைக் கொட்டி என்ன பயன்?

அந்த வாளியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பாம்பி பக்கெட் என்பது அதன் பெயர். 1980களின் தொடக்கத்தில் கனடாக்காரர் டான் ஆர்னி உருவாக்கியது. மடித்துச் சுருட்டி ஹெலிகாப்டருக்குள்ளேயே எடுத்துப் போகலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஏரியில் இறக்கினால் பக்கவாட்டில் சாய்ந்து நிறையும், தூக்கினால் நிமிரும். வாளியின் வயிற்றில் இறுக்கிக் கட்ட ஒரு பட்டை இருக்கும். அதை இறுக்கினால் வாளி குறைவாகத்தான் கொள்ளும். காசு கொடுத்துப் பெரிய வாளி வாங்கிவிட்டு அதைச் சின்னதாக்க ஏன் பட்டை? காற்று சூடேறினால் அடர்த்தி குறையும், உயரத்துக்குப் போனாலும் குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் விசிறிக்குப் பிடிமானம் போதாது. ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், மார்ச் வெயிலில், தீயின் அனலுக்குப் பக்கத்தில், முழு வாளியோடு தூக்கினால் இயந்திரம் திணறும். தீ எங்கே கடுமையோ அங்கேதான் ஹெலிகாப்டருக்குப் பலம் குறைவு. தரையிலிருந்து கைதட்டுகிறவருக்கு இது தெரிவதில்லை. பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஒரு கண்ணால் கீழே ஊசலாடும் வாளியையும் மறுகண்ணால் எஞ்சின் முள்ளையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

அவருக்கு இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. மிக உயரத்திலிருந்து கொட்டினால் தண்ணீர் தூவானமாகச் சிதறி, மரக்கிளைகளிலேயே தங்கிவிடும். தாழ வந்து கொட்டினால் விசிறிக் காற்று தீயை ஊதிவிடும். அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் விறகடுப்பு வைத்துச் சமைத்தவர்களுக்கு ஊதுகுழல் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் உயரத்தைப் புகைக்குள், மலைமடிப்புக்குள், மின்கம்பி எங்கே என்று தேடிக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

இனி காற்று. "மொத நாளே செஞ்சிருந்தா" என்ற மாமாவின் வாதம் நொறுங்குவது இங்கேதான். காட்டுத்தீ பேயாட்டம் ஆடுவது பலத்த காற்று அடிக்கிற நாளில். அதே நாளில்தான் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. தீயணைப்பு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் பஞ்சமே இல்லாத ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். இரவிலும் பறந்து தண்ணீர் கொட்டப் பயிற்சி பெற்ற விமானிகள் அங்கே உண்டு. 2025 ஜனவரி 7 அன்று சாண்டா ஆனா காற்று சூறாவளி வேகத்தில் மலையிலிருந்து கடலை நோக்கி வீசியது. பாலிசேட்ஸ் பகுதியில் பகலிலும் ஈட்டன் பள்ளத்தாக்கில் மாலையிலும் தீ பிடித்தது. அன்று மாலை எல்லாவற்றையும் தரையிறக்கி வைத்தார்கள். வேறு வழி இல்லை. அந்தக் காற்றில் கொட்டினால் தண்ணீர் பக்கத்துத் தெருவில் விழும், ஹெலிகாப்டர் அதற்கடுத்த தெருவில் விழும். இரண்டு தீயிலுமாக 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. காற்று தணிந்து விமானங்கள் மேலே போன பிறகு, 9-ஆம் தேதி, வேடிக்கை பார்க்க யாரோ பறக்கவிட்ட ட்ரோன் ஒன்று கியூபெக்கிலிருந்து வாடகைக்கு வந்திருந்த தீயணைப்பு விமானத்தின் இறக்கையைக் கிழித்து, அதையும் சில நாள் படுக்க வைத்தது. படம் பிடிக்கிற ஆசை அங்கேயும் அப்படித்தான்.

"அமெரிக்காவை விடுங்கள், நம்மிடம் போதுமான ஹெலிகாப்டர் இல்லை என்பது உண்மைதானே?" என்பார்கள். சரி, போதுமான அளவு வைத்திருக்கும் ஒரு நாட்டைப் பார்ப்போம். தென்கொரியாவின் வனத்துறையிடம் மட்டும் சுமார் 50 ஹெலிகாப்டர்கள். நாட்டின் பரப்போ தமிழ்நாட்டைவிடக் குறைவு. 2025 மார்ச்சில் அங்கே உய்சோங் பக்கம் தொடங்கிய தீ, காற்று தள்ளத் தள்ளக் கிழக்குக் கடற்கரை வரை ஓடியது. 48,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்ததாக அப்போதே கணக்கு சொன்னார்கள். புகையிலும் காற்றிலும் ஹெலிகாப்டர்கள் பல மணிநேரம் முடங்கின. சில ரஷ்ய காமோவ் ஹெலிகாப்டர்களுக்குப் போர்க்காலத் தடையால் உதிரிபாகமே கிடைக்கவில்லை. மார்ச் 26 அன்று உள்ளாட்சி ஒன்று வாடகைக்கு எடுத்திருந்த ஏறக்குறைய முப்பது வயதான ஹெலிகாப்டர் விழுந்தது. தனியாக ஓட்டிவந்த விமானி இறந்தார். அவருக்கு வயது 73. இரண்டு வாரத்துக்குள் தேகு நகர் அருகே இன்னொன்று விழுந்து இன்னொரு விமானி இறந்தார். அவருக்கு 74.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் ஊரில் அந்த வயதுக்காரரைப் பேரப்பிள்ளைகள் மோட்டார் பைக்கே ஓட்ட விடுவதில்லை. ஐம்பது ஹெலிகாப்டர் போதாது, இன்னும், இன்னும் என்று ஊர் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பழைய இயந்திரமும் ஓய்வுபெற வேண்டிய மனிதரும் மேலே அனுப்பப்படுகிறார்கள்.

நம் மலைகளுக்கு இது தெரியாத பாடமில்லை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதியை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் மேகத்துக்குள் போய் மலையில் மோதியது. 14 உயிர். நெருப்பு ஏதும் இல்லாத ஒரு நடுப்பகல் அது. தீக்குமேல் வாளியோடு பறந்ததும் அதே வகை எம்ஐ-17 வி5, அதே மலை. விமானப்படைக்காரர்கள் தீயணைப்புக்காகவே வேலைக்குச் சேர்ந்தவர்களும் அல்லர். துருப்பும் தளவாடமும் ஏற்றுவது அவர்கள் தொழில். மாநில அரசு கேட்டால் வாளி கட்டிக்கொண்டு வருகிறார்கள், திறமையாகவே செய்கிறார்கள். அதனால்தான் கேட்பவர் யோசித்துக் கேட்க வேண்டும் என்கிறேன்.

யோசிக்காமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தீயணைப்புக்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'சிஎன்என் டிராப்'. தொலைக்காட்சிக்காகக் கொட்டும் தண்ணீர் என்று பொருள். காற்று சரியில்லை, பயனில்லை என்று தெரிந்தும், அரசியல்வாதி போன் போடுகிறார், ஊர் பார்க்கிறது, கேமரா காத்திருக்கிறது என்பதற்காக அனுப்பப்படும் பறப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் பெட்டினா பாக்ஸாலும் ஜூலி கார்ட்டும் 2008-இல் இதை விரிவாக எழுதினார்கள். அந்தக் காட்டுத்தீத் தொடருக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததே தவிர பழக்கம் போகவில்லை.

அந்தத் தொடர் வெளிவந்த அதே 2008-இல், ஆகஸ்ட் 5 அன்று, வடக்கு கலிபோர்னியாவின் டிரினிட்டி ஆல்ப்ஸ் மலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் குழு என்றால் யார் என்று அது காட்டும். தீக்கோடு வெட்டிக்கொண்டிருந்த ஆட்களை மின்னல் மழை வரும் என்ற எச்சரிக்கையால் சாயங்காலம் இறக்கிவர முடிவானது. மரங்களை வெட்டி மலைமேல் அமைத்த சின்ன இறங்குதளம், சுமார் ஆறாயிரம் அடி உயரம். எஸ்-61 ஹெலிகாப்டர் இரண்டு நடை ஏற்றி இறக்கிவிட்டு, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மூன்றாம் நடைக்கு வந்தது. பதின்மூன்று பேரோடு மேலெழும்பியது. போதிய உயரம் ஏறவில்லை. மரத்தில் தட்டி விழுந்து எரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் கையில் கருவியோடு தரையில் வேலை செய்கிற தீயணைப்பு ஆட்கள். விசாரித்துப் பார்த்தால், ஹெலிகாப்டரின் வெற்று எடையை ஒப்பந்த நிறுவனம் வேண்டுமென்றே குறைத்துக் காட்டியிருந்தது. எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணையிலும் கை வைத்திருந்தது. கூடுதலாகத் தூக்கும் என்று காட்டினால்தானே ஒப்பந்தம் கிடைக்கும்? விமானிகள் அந்தத் தாளை நம்பிக் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரியாகவே வந்தது, தாள்தான் பொய். மேற்பார்வை பார்க்க வேண்டிய அரசுத் துறைகள் கண்டுபிடிக்கவில்லை என்றும் விசாரணை சொன்னது. நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்தவருக்கு 2015-இல் 12 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதை நான் பறப்பின் ஆபத்துக்கு உதாரணமாகச் சொல்லவில்லை. செத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஹெலிகாப்டர் ஒருபக்கம், மண்வெட்டிக்காரன் ஒருபக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கும் கோடு அங்கே கிடையாது. அந்த இயந்திரம் அன்று சுமந்தது தண்ணீரை அல்ல. மனிதர்களை.

ஹெலிகாப்டர் இந்தத் தொழிலுக்கு வந்த கதையே அதுதான். 1940களின் பிற்பாதியில் கலிபோர்னியக் காடுகளில் முதன்முதலாகப் பயன்படுத்தியபோது அந்தச் சின்ன பெல் ஹெலிகாப்டரால் சொல்லிக்கொள்ளும்படி தண்ணீர் தூக்க முடியாது. தீ எங்கே போகிறது என்று பார்த்து வரவும், நாள் முழுக்க நடக்க வேண்டிய மலைக்கு ஆளைச் சில நிமிடத்தில் கொண்டுபோய் விடவும்தான் அது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஹெலிடாக்' குழுக்கள். அவர்கள் வேலை எப்படி நடக்கும் தெரியுமா? தீயைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, காற்று, சரிவு, தப்பியோடும் வழி மூன்றையும் பார்ப்பார்கள். பக்கத்து வெளியில் இறங்குவார்கள். விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே குனிந்து, மேட்டுப்பக்கம் போகாமல், விமானியின் கண்ணில் படும் வழியில் வெளியேறுவார்கள். மேட்டுப்பக்கம் விசிறி தலைக்கு எட்டும் என்பது இவர்களுக்கு முதல் நாள் பாடம். ஒருவர் வாளியை விரித்துக் கொக்கியில் மாட்டுவார். ஹெலிகாப்டர் தண்ணீருக்குப் போகும். மற்றவர்கள் புலாஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தீயை நோக்கி நடப்பார்கள். புலாஸ்கி என்பது ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து. நூறு வருடத்துக்கு மேலாக அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை.

ஹெலிகாப்டரில் வந்து இறங்கியவர் செய்யும் வேலை களைக்கொத்து வேலை. இதை எந்தக் காணொளியிலும் காட்டமாட்டார்கள்.

எதிர்வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். தீ சின்னதாக இருக்கும்போதே, கூடாரம் அளவு இருக்கும்போதே, அரைமணி நேரத்துக்குள் ஹெலிகாப்டர் வந்துவிட்டால், இரண்டு மூன்று வாளியும் நாலைந்து ஆளும் சேர்ந்து அதை முடித்துவிடலாம். முழு உண்மை. கலிபோர்னியாவில் பல தீக்கள் அப்படித்தான் செய்தியாகாமலே முடிகின்றன. ஆனால் அந்த வெற்றிக்கு வேண்டியவற்றைப் பாருங்கள்: தீயைக் கண்டதும் சொல்ல ஆள், பருவம் முழுக்கத் தயார்நிலையில் நிற்கும் இயந்திரம், அதனுள்ளேயே உட்கார்ந்து வரும் தரைக்குழு. நாம் செய்வது என்ன? நாலு நாள் எரியவிட்டு, ஊர் கூச்சல் போட்ட பிறகு, மனு மேல் மனு போய், இன்னொரு வேலைக்கு இருக்கும் ராணுவ ஹெலிகாப்டரை வரவழைப்பது. இரண்டுக்கும் பொதுவானது விசிறி ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவின் 'எல்விஸ்' கதையையும் எடுத்து நீட்டுவார்கள். 2001 முதல் பல கோடைகளில் விக்டோரியா மாநிலம் வாடகைக்கு எடுத்த ராட்சத ஏர்-கிரேன். தும்பிக்கை போன்ற குழாயை முழங்கால் ஆழக் குட்டையில் விட்டு ஒரு நிமிடத்துக்குள் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். குழந்தைகள் அதன் பொம்மை வாங்குகிற அளவுக்குப் புகழ். அந்தப் புகழுக்குக் காரணமான சாதனைகளில் ஒன்று எது? தீக்குள் மாட்டிக்கொண்ட 14 தீயணைப்பு வீரர்களைக் காப்பாற்ற உதவியது. எனக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. எல்விஸின் மிகச் சிறந்த நாளும் தரையில் நின்ற பதினான்கு பேருக்காகச் செலவான நாள்தான்.

அதே ஆஸ்திரேலியாவில் இன்னொன்றும் நடந்தது. 2020 ஜனவரி 27 அன்று தலைநகர் கான்பெராவுக்குத் தெற்கே, ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று தீயணைப்புக்கான இறங்குதளங்களைத் தேடிப் பறந்துகொண்டிருந்தது. நடுவில் சிறுநீர் கழிக்க ஒரு வெளியில் இறங்கினார்கள். இறங்கு விளக்கின் சூடு கீழே காய்ந்த புல்லில் பற்றிக்கொண்டது. நமாட்ஜி தேசியப் பூங்காவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அந்தத் தீ தின்றது. உதவ வந்தவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்த வெயிலில் அந்தப் புல் எதற்கும் காத்திருந்தது, விளக்கில்லாவிட்டால் இடி. நாம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், விஷயம் புல்லில் இருக்கிறது.

புல்லுக்கு வருவோம். குரங்கணியில் அந்த இளைஞர்களையும் பெண்களையும் சூழ்ந்தது அதுதான், ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் மலைமடிப்பில் இருட்டிய பிறகு அவற்றால் செய்ய முடிந்தது கொஞ்சம். முதலில் ஏறியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். பிறகு வனத்துறை, தீயணைப்புத்துறை ஆட்கள். போர்வையிலும் துணியிலும் தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். கடைசிக் கணக்கில் 23 பேர் இறந்தார்கள். அன்று முதல் இன்றுவரை நாம் 'ஹெலிகாப்டர் தாமதம்' என்று பேசுகிறோம். காடு மூடியிருக்க வேண்டிய பருவத்தில் அந்தப் பாதை எப்படித் திறந்திருந்தது என்ற பேச்சு சில மாதத்தில் ஓய்ந்துவிட்டது.

முதுமலையிலும் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள். சாலையோரமும் எல்லையோரமும் புதரையும் புல்லையும் செதுக்கி, சருகைக் கூட்டி எரித்து, தீ தாண்ட முடியாத வெறுந்தரைப் பட்டையாக்குவது. தீ வந்தால் அதையே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எதிர்த்தீ வைப்பார்கள். வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது. இந்த வேலைக்குப் பருவத்துக்கு மட்டும் எடுக்கப்படும் தீத்தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடிகள். கருவி என்ன? அரிவாள், மண்வெட்டி, பச்சைத் தழைக்கொத்து, அதிர்ஷ்டம் இருந்தால் முதுகில் மாட்டும் காற்று ஊதி. முன்பு இவர்களின் பாட்டன்மார் பருவத் தொடக்கத்திலேயே சின்னச் சின்னதாகத் தீயிட்டுச் சருகைக் குறைத்து வைப்பார்கள். பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் அதற்குச் சருகுத்தீ என்று பொருள்படும் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். சட்டம் அதைக் குற்றமாக்கியது. இன்று அந்த இடங்களில் உண்ணிச்செடி தலைக்குமேல் அடர்ந்து நிற்கிறது. பாட்டன் வைத்தால் குற்றவாளி. பேரன் தினக்கூலிக்கு அதே தீயை அணைத்தால் தற்காலிகப் பணியாளர்.

அணைப்பதும் லேசில்லை. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்துக் கொற்றம்பத்தூரில் தீயை அணைக்கப் போன வனக் காவலர்கள் மூன்று பேர் இறந்தார்கள். 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் வண்டியில் தீயை நோக்கிப் போன வனத்துறை ஆட்களைச் சரிவில் காற்று திருப்பிய தழல் சூழ்ந்தது. நால்வர் அங்கேயே கருகினார்கள். பிழைத்தவர்களை விமானத்தில் ஏற்றி டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர் பாம்பி பக்கெட்டோடு வந்தது. தொலைக்காட்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

ஹெலிகாப்டர் போன பிறகு மிச்சமிருக்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கருகிய விளிம்பு நெடுக ஆட்கள் மண்டியிட்டு நகர்வார்கள். கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேல் கொண்டுபோய், சூடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. உள்ளங்கை வேலைசெய்து காய்த்திருக்கும், அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. சூடு தட்டுப்பட்டால் தோண்டி, கிளறி, மண்ணைப் போட்டுக் கலந்து, மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள். ஓர் அடி. அடுத்த அடி. கிலோமீட்டர் கணக்கில் இப்படி. தீ அணைந்தது என்று சொல்லும் உரிமை இந்தப் புறங்கைக்கு மட்டுமே உண்டு.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் ஒரு மணிநேரம் சொன்னேன். நடுவில் இரண்டு முறை, "இரு மாப்ள, அடுப்புல பால் வச்சிருக்கறேன்" என்று போய்வந்தார். கடைசியில், "அப்ப ஹெலிகாப்டரே வேண்டாங்கறயா?" என்றார்.

"வேணும் மாமா. ஆளக் கொண்டுபோய் விடவும் அடிபட்டவனத் தூக்கிட்டு வரவும் மேல நிக்கறவங்களுக்குக் குடிதண்ணி கொண்டுபோகவும் வேணும். தீக்கு ஊத்தறது அதுக்கப்புறம்."

"குடிதண்ணியா?"

"நாள் பூரா அனல்ல நிக்கறவனுக்கு வேண்டாமா? பதினாறாயிரம் லிட்டர் மேல போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவன் குடிக்க எத்தன லிட்டர் போச்சுன்னு யாராவது கேட்டோமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "செரி, நம்மால என்ன ஆகும், சொல்லு" என்றார். ஜனவரியில் கோடு வெட்டுவார்கள், வனத்துறையில் அனுமதி கேட்டுக்கொண்டு நாமும் போய் நாலு நாள் சருகு கூட்டலாம், வருகிறீர்களா என்று கேட்டேன்.

"ஜனவரியா?" என்றார் மாமா. "அப்ப மேல குளிரு தாங்காதே மாப்ள."